‘தானம்’ திறந்த பூட்டு: பிராமி எழுத்தைப் படித்துக் காட்டிய ஜேம்ஸ் பிரின்செப்

கோலாலம்பூர் – பிரிக்பீல்ட்ஸ் கோயிலானாலும் சரி, கிள்ளான் கோயிலானாலும் சரி, தோட்டத்து மாரியம்மன் கோயிலானாலும் சரி, உள்ளே போனதும் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். டியூப் லைட்டில் ஒரு பெயர் இருக்கும். மின்விசிறியின் இறக்கையில் ஒரு பெயர் இருக்கும். மணி, குத்துவிளக்கு, உண்டியல், நாற்காலியின் முதுகு என எங்கும் பெயர்கள். பெயர் ஒவ்வொன்றும் வேறு. ஆனால் எல்லாப் பெயர்களோடும் ஒரே ஒரு சொல் மாறாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். ‘உபயம்’.

இப்போது ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். இன்னும் இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்துத் தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் உலகில் ஒருவர்கூட இல்லை. மண்ணுக்கடியிலிருந்து ஐம்பது டியூப் லைட்டுகளும் பத்து மணிகளும் கிடைக்கின்றன. ஆராய்ச்சியாளர் ஒருவர் அவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கிறார். எல்லாவற்றிலும் ஒரே நான்கு எழுத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. இது ஒரு வழிபாட்டு இடம் என்பது அவருக்குத் தெரியும். வழிபாட்டு இடத்தில் மக்கள் பொருள் கொடுப்பார்கள், கொடுத்தவர் பெயரை எழுதுவார்கள் என்பதும் தெரியும். அப்படியானால் அந்த நான்கு எழுத்துகள் என்ன சொல்லாக இருக்க முடியும்?

இந்த ஊகம் ஒன்றே போதும். உ, ப, ய, ம் ஆகிய நான்கு எழுத்துகள் கைக்கு வந்துவிடும். அந்த நான்கைக் கொண்டு அடுத்த நான்கைப் பிடிக்கலாம்.

இது வெறும் கற்பனையன்று. 1837-ஆம் ஆண்டு கல்கத்தாவில் இதே வழியில்தான் இந்தியாவின் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்றான பிராமி படிக்கப்பட்டது. படித்தவர் நாணயச்சாலையில் வெள்ளியை உரசிப் பார்க்கும் வேலையில் இருந்த ஓர் ஆங்கிலேயர். பெயர் ஜேம்ஸ் பிரின்செப். அந்த வேலை முடிந்த மூன்றே ஆண்டுகளில் அவரும் மறைந்துவிட்டார்.

கீழடிப் பானை ஓட்டில் ‘ஆதன்’ என்ற பெயரைப் படித்தார்கள் என்று செய்தி வரும்போது நாம் பெருமைப்படுகிறோம். அந்த எழுத்தைப் படிக்கும் வழி எங்கிருந்து தொடங்கியது என்பதை அறிய இந்த மனிதரின் கதைக்குப் போக வேண்டும்.

கண் கெட்டதால் மாறிய பாதை

ஜேம்ஸ் பிரின்செப் 1799-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை ஜான் பிரின்செப் இந்தியாவுக்குப் போய் அவுரித் தொழிலில் பெரும் பணம் பார்த்தவர். பிறகு அந்தச் செல்வத்தில் பெரும் பகுதியை இழந்தவர். பிள்ளைகள் நிறையப் பேர். ஜேம்ஸ் அவர்களில் ஏழாவது ஆண்பிள்ளை. சொத்து கையை விட்டுப் போன வீட்டில் பிள்ளைகள் அவரவர் பிழைப்பை அவரவரே தேட வேண்டியிருந்தது. அண்ணன் தம்பிகளில் பலர் தந்தை போன வழியிலேயே இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள்.

சிறு வயதிலேயே ஜேம்ஸுக்குக் கைவேலை நன்றாக வந்தது. நுணுக்கமாகப் படம் வரைவார், சிறு சிறு கருவிகள் செய்வார். கட்டடக் கலைஞராகட்டும் என்று அகஸ்டஸ் பியூஜின் என்ற புகழ்பெற்ற வரைவாளரிடம் பயிற்சிக்கு விட்டார்கள். ஆனால் கண்ணில் நோய் கண்டது. பார்வை மங்கியது. நுண்ணிய கோடுகளை வரையும் தொழில் இனி நடக்காது என்றாயிற்று.

பிறகு வேதியியல் படித்தார். லண்டன் அரச நாணயச்சாலையில் உலோகங்களைச் சோதிக்கும் தொழிலைக் கற்றார். ஒரு வெள்ளிக் காசில் உண்மையான வெள்ளி எவ்வளவு, கலப்பு எவ்வளவு என்று கண்டு சொல்வதுதான் அந்த வேலை. நம் ஊர்ப் பொற்கொல்லர் உரைகல்லில் தங்கத்தைத் தேய்த்து மாற்றுப் பார்ப்பதைப் போன்றது. 1819-ஆம் ஆண்டு செப்டம்பரில், இருபதாவது வயதில், கல்கத்தா நாணயச்சாலைக்கு உதவியாளராக வந்து இறங்கினார். அடுத்த ஆண்டே காசி நாணயச்சாலைக்கு அனுப்பப்பட்டார்.

காசியை எண்ணியவர்

காசியில் அவர் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இருந்தார். வேலை வெள்ளியைச் சோதிப்பதுதான். ஆனால் வேலை நேரம் முடிந்த பிறகு அந்த ஊரே அவருக்குப் பள்ளிக்கூடமானது.

தெருத் தெருவாக நடந்து நகரத்தை அளந்து வரைபடம் தயாரித்தார். தேங்கிக் கிடந்த நீரைக் கங்கைக்குக் கொண்டுசேர்க்க நிலத்தடிக் கால்வாய் அமைத்தார். கர்மநாசா ஆற்றின் மேல் கல்பாலம் கட்டினார். விழும் நிலையில் இருந்த ஔரங்கசீப் மசூதியின் கோபுரங்களைச் சீர் செய்தார். படித்துறைகளையும் திருவிழாக்களையும் படமாக வரைந்து புத்தகமாக வெளியிட்டார். கெட்டுப் போயிருந்த கண் அதற்குள் தேறியிருந்தது.

காசியின் மக்கள் தொகையையும் அவர் கணக்கெடுத்தார். அதற்கு முன் அந்த நகரத்தில் ஆறு லட்சம் பேர் வரை வசிப்பதாக ஒரு மதிப்பீடு இருந்தது. பிரின்செப் எண்ணிப் பார்த்தபோது வந்த தொகை சுமார் 180,000. ஊகமாகச் சொல்லப்பட்டதை அப்படியே ஏற்காமல் உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு எடை மாறினாலும் காட்டிவிடும் ஒரு தராசையும் அவர் செய்திருந்தார். உலையின் வெப்பத்தை அளக்கும் வழியையும் கண்டார். 1828-ஆம் ஆண்டு லண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக்கியது.

1830-ஆம் ஆண்டு காசி நாணயச்சாலை மூடப்பட்டது. பிரின்செப் கல்கத்தாவுக்குத் திரும்பினார். 1832-இல் மேலதிகாரி எச். எச். வில்சன் இங்கிலாந்து திரும்பியதும் அவருடைய இடம் இவருக்கு வந்தது. ஊருக்கு ஒரு காசு என்று இருந்த குழப்பத்தை நீக்கி ஒரே எடையுள்ள ரூபாயை 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்ததில் இவர் பங்கு பெரியது.

வில்சன் விட்டுப்போன இன்னொரு பொறுப்பும் இவர் தோளில் விழுந்தது. அதுதான் ஆசியவியல் சங்கத்தின் செயலாளர் பதவி.

யாரும் படிக்காத தூண்கள்

அந்தச் சங்கத்துக்கு நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் பொருள்கள் வந்துகொண்டிருந்தன. மண்ணில் கிடைத்த காசுகள், செப்பேடுகள், கல்வெட்டுகளின் படிகள் என்று மேசை நிறைந்து கிடந்தது. அவற்றுள் பலரையும் திணறடித்தவை சில பெரிய கல்தூண்கள். டில்லியில் ஒன்று, அலகாபாத்தில் ஒன்று, பீகார்ப் பக்கத்தில் சில. அவற்றின் மேல் குச்சி குச்சியான ஓர் எழுத்து இருந்தது. வட்டம், சிலுவை, கவிழ்த்த ‘டி’ என்று குழந்தை வரைந்ததைப் போல எளிய கோடுகள்.

டில்லித் தூணைப் பதினான்காம் நூற்றாண்டில் பெரோஸ் ஷா துக்ளக் என்ற சுல்தான் வேறோர் ஊரிலிருந்து கொண்டுவந்து நட்டார். அப்போதே அதைப் படிக்க ஆள் கிடைக்கவில்லை. பிரின்செப் காலத்துக்குள் மேலும் ஐந்நூறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. கிரேக்க மன்னன் அலெக்சாந்தர் நட்ட தூண் என்றவர்கள்கூட உண்டு.

1834-ஆம் ஆண்டு அலகாபாத் தூணின் எழுத்துப் படி ஒன்று பிரின்செப்பிடம் வந்தது. நாணயச்சாலையில் வெள்ளியைச் சோதித்த அதே பொறுமையோடு அவர் அந்த எழுத்துகளைச் சோதிக்கத் தொடங்கினார். ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாகப் பிரித்து, எது எத்தனை முறை வருகிறது, எதனோடு சேர்ந்து வருகிறது என்று அட்டவணை போட்டார்.

அதில் ஒரு செய்தி தெளிவாகத் தெரிந்தது. அடிப்படை எழுத்து ஒன்று இருக்கிறது. அதன் தலையிலோ காலிலோ பக்கத்திலோ சிறு கோடுகள் முளைக்கின்றன. எல்லா அடிப்படை எழுத்துகளிலும் அதே சிறு கோடுகள்தாம் முளைக்கின்றன. க, கா, கி, கீ, கு என்று நாம் படிக்கிறோமே, அதே முறை. ஆகவே இது கிரேக்கமும் இல்லை, வேறெங்கிருந்தோ வந்த எழுத்தும் இல்லை, இந்திய எழுத்துக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று உறுதியாயிற்று. டில்லி, அலகாபாத், பீகார்த் தூண்களில் இருப்பது பெரும்பாலும் ஒரே வாசகம் என்பதையும் அவர் கண்டுபிடித்தார். ஆனால் ஓர் எழுத்தின் ஒலிகூட உறுதிப்படவில்லை.

இரண்டு வரி நிரல்

பிரின்செப் செய்த வேலைக்கு இன்று கணினி உலகில் ஒரு பெயர் உண்டு. எழுத்துமாற்றுப் புதிரை உடைப்பது. ஓர் எழுத்துக்குப் பதிலாக வேறோர் எழுத்தை வைத்து எழுதினால் அது எழுத்துமாற்றுப் புதிர். ம-வுக்குப் பதில் ப, ர-வுக்குப் பதில் ல என்று வைத்துக்கொண்டால் ‘மரம்’ என்பது ‘பலப்’ ஆகிவிடும். படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. ஆனால் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒரே இனம் என்பது மட்டும் மறையவில்லை. எழுத்தை மாற்றலாம், அதன் பழக்கத்தை மாற்ற முடியாது. எது அடிக்கடி வரும், எது அரிதாக வரும், எது எதன் பின்னால் வரும் என்பதெல்லாம் அப்படியே இருக்கும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல்-கிந்தி என்ற அறிஞர் இதை எழுதியே வைத்தார். புதிரில் உள்ள எழுத்துகளை எண்ணு, அதே மொழியில் உள்ள சாதாரண உரை ஒன்றின் எழுத்துகளையும் எண்ணு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார் என்பது அவர் காட்டிய வழி.

தமிழுக்கும் இது பொருந்தும். ங் வந்தால் அடுத்து வருவது பெரும்பாலும் க. ஞ் வந்தால் அடுத்து பெரும்பாலும் ச. நம் இலக்கணப்படி ற, ன, ண, ள, ழ ஆகியவை தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதில்லை. எப்போதாவது தலைகாட்டும் எழுத்து ஔ. தமிழ்ப் புதிர் ஒன்று கையில் கிடைத்தால் இவையெல்லாம் துப்புகள்.

இன்று இந்த எண்ணும் வேலையைப் பள்ளி மாணவரே செய்துவிடலாம். பைத்தான் என்ற நிரல்மொழியில் இரண்டு வரி எழுதினால் போதும். ஒரு முழுப் புத்தகத்தின் எழுத்துகளையும் கண்மூடித் திறப்பதற்குள் எண்ணி, அதிகம் வருவது முதல் குறைவாக வருவது வரை வரிசைப்படுத்திக் கொடுத்துவிடும். நிரலர்களிடையே ஒரு விளையாட்டும் இருக்கிறது. கால்ஃப் ஆட்டத்தில் குறைந்த அடியில் பந்தைக் குழிக்குள் தள்ளுகிறவர் வெல்வதைப் போல, ஒரு வேலையை மிகக் குறைந்த எழுத்துகளில் நிரலாக எழுதுகிறவர் வெல்வார். புதிரை உடைக்க உதவும் நிரலும் இந்த விளையாட்டுக்கு ஏற்ற கணக்குதான்.

இதில் நமக்கு ஒரு வேடிக்கையும் உண்டு. கணினியில் தமிழ் எழுதும் யூனிகோட் முறையில் ‘கி’ என்பது ஒரே எழுத்தாகப் பதிவாவதில்லை. ‘க’ ஒன்று, மேலே வளையும் இகரக் குறி ஒன்று என இரண்டாகப் பதிவாகிறது. அதனால் அந்த இரண்டு வரி நிரலைத் தமிழ் உரையின் மேல் ஓட்டினால் அடிப்படை எழுத்துகளும் உயிர்க்குறிகளும் தனித்தனியாக எண்ணப்பட்டு வரும். 1834-இல் பிரின்செப் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து கையால் பிரித்து வைத்ததும் இதே இரண்டு கூட்டங்களைத்தான்.

ஆனால் நிரல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், எவ்வளவு வேகமாக ஓடினாலும், அது எண்ணித்தான் கொடுக்கும். எண்ணிக்கையை வைத்து என்ன சொல் என்று ஊகிப்பது வேறு வேலை. பிரின்செப் அந்த இடத்தில்தான் மூன்று ஆண்டுகள் நின்றார்.

சாஞ்சியில் கிடைத்த சாவி

இதற்கிடையில் 1836-இல் ஜெர்மனியின் பான் நகரில் இருந்த கிறிஸ்தியன் லாசன் என்ற அறிஞர் அகாத்தோக்ளிஸ் என்ற கிரேக்க மன்னரின் காசை ஆராய்ந்தார். ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் பிராமி. மன்னர் பெயரை வைத்துச் சில எழுத்துகளை அவர் பிடித்தார். முழு எழுத்தையும் திறக்க அது போதவில்லை.

1837-ஆம் ஆண்டு மத்திய இந்தியாவில் உள்ள சாஞ்சி ஸ்தூபியிலிருந்து ஒரு கட்டுப் படிகள் கல்கத்தாவுக்கு வந்தன. அனுப்பியவர் கேப்டன் எட்வர்டு ஸ்மித். ஸ்தூபியைச் சுற்றியுள்ள கல்வேலியில் பொறிக்கப்பட்டிருந்த சிறு சிறு வரிகள் அவை. அரசர் ஆணை எதுவும் அவற்றில் இல்லை. அச்சிடுவதற்காக அவற்றை வரிசையாக அடுக்கும்போதுதான் பிரின்செப்பின் கண்ணில் அது பட்டது. வரிகள் ஒவ்வொன்றும் வேறு வேறாகத் தொடங்கின. ஆனால் ஏறத்தாழ எல்லாமே ஒரே இரண்டு எழுத்துகளில் முடிந்தன. கடைசி எழுத்தின் அருகே ஒரு புள்ளி.

கோயில்களில் கொடி மரம் முதல் தூண் வரை கொடுத்தவர் பெயரைப் பொறிக்கும் வழக்கத்தை அவர் அறிந்திருந்தார். பர்மாவின் பௌத்தக் கோயில்களிலும் அந்த வழக்கம் உண்டு. அப்படியானால் இந்தக் கல்வேலியில் உள்ளவையும் கொடுத்தவர்களின் பெயர்களாக இருக்கலாமே! கடைசியில் வரும் அந்தச் சொல் ‘தானம்’ என்றுதானே இருக்க வேண்டும்!

த, ந, புள்ளியாகிய ம் ஆகிய மூன்றும் கையில் வந்தன. ‘தானம்’ என்பதற்கு முன்னால் பெரும்பாலும் ஒரே எழுத்து வந்தது. ‘இன்னாருடைய’ தானம் என்று வருவதால் அது ‘ஸ’ என்ற வேற்றுமை உருபாக இருக்க வேண்டும். ஏற்கெனவே எண்ணி வைத்த அட்டவணை தயாராக இருந்தது. ஓர் எழுத்து இன்னோர் எழுத்தை இழுத்துக்கொண்டு வந்தது. மிகச் சில நாள்களிலேயே எழுத்துவரிசை ஏறக்குறைய முழுவதும் அவர் கைக்குள் வந்துவிட்டது.

அந்தச் சாஞ்சி வரிகளில் இருந்தவர்கள் யார்? பிக்குகள், பிக்குணிகள், வணிகர்கள், குடும்பப் பெண்கள், விதிஷா ஊரின் தந்த வேலைக்காரர்கள். ஒரு தூணுக்கோ ஒரு குறுக்குக் கல்லுக்கோ தங்களால் முடிந்ததைக் கொடுத்தவர்கள். பேரரசர் ஒருவரின் எழுத்தைத் திறந்த சாவி இந்தச் சாதாரண மக்களின் உபயத்தில்தான் இருந்தது.

சோழரும் பாண்டியரும் இருந்த கல்

எழுத்து கைக்கு வந்ததும் பிரின்செப் டில்லித் தூணின் பக்கம் திரும்பினார். அது சமஸ்கிருதம் அன்று, பேச்சுவழக்கான பிராகிருதம் என்பது தெரிந்தது. கல்கத்தாவில் இருந்த ரத்னபால என்ற இலங்கைப் பாளி அறிஞர் பொருள் காண்பதில் துணை நின்றார். பல கல்வெட்டுகளில் கமலாகாந்த வித்யாலங்கார் என்ற பண்டிதரும் உதவினார். இந்தப் பெயர்களை இன்று நினைவில் வைத்திருப்பவர் குறைவு. பிரின்செப்புக்குக் கிடைத்த புகழில் இவர்களுக்கும் பங்கு இருக்கிறது.

தூண் தேவானாம்பிய பியதஸி என்ற அரசரின் வாக்காகத் தொடங்கியது. யார் இந்த அரசர்? இந்திய அரசர் பட்டியல் எதிலும் அப்படி ஒரு பெயர் இல்லை. இலங்கையில் தேவானம்பிய திஸ்ஸன் என்ற மன்னர் இருந்ததால் இது அவராக இருக்குமோ என்று முதலில் பிரின்செப் நினைத்தார். அது தவறு. மகாவம்சத்தை மொழிபெயர்த்த இலங்கை அதிகாரி ஜார்ஜ் டர்னர் பழைய பாளி நூலான தீபவம்சத்தில் விடையைக் கண்டார். பியதஸி என்பவர் சந்திரகுப்த மௌரியரின் பேரனான அசோகர். கல்கத்தாவில் படித்த கல்லுக்கு இலங்கை ஓலையில் விளக்கம் கிடைத்தது. ‘அசோகன்’ என்ற பெயரையே நேராகச் சொல்லும் மாஸ்கி கல்வெட்டு பின்னர் 1915-இல் கண்டெடுக்கப்பட்டு, டர்னர் சொன்னதை உறுதி செய்தது.

குஜராத்தின் கிர்நார்ப் பாறையில் உள்ள கல்வெட்டையும் பிரின்செப் படித்தார். மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் செய்ய ஏற்பாடு செய்ததை அசோகர் அதில் சொல்கிறார். தம் எல்லைக்கு வெளியே அந்த ஏற்பாடு சென்ற நாடுகளின் பட்டியலில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாம்பரபரணியாகிய இலங்கை ஆகிய பெயர்கள் இருக்கின்றன. அருகிலேயே கிரேக்க மன்னர் அந்தியோக்கஸ் பெயரும் இருக்கிறது. அந்தக் கிரேக்க மன்னரின் காலம் தெரியும் என்பதால் அசோகரின் காலம் கி.மு. 3-ஆம் நூற்றாண்டு என்று உறுதியானது. அதோடு, அதே காலத்தில் தமிழ் மூவேந்தர் நாடுகளும் இருந்தன என்பதற்குக் கல்லில் சான்று கிடைத்தது.

நம் மண்ணின் தொடர்பு

பிரின்செப் மலாயாவுக்கு வந்ததில்லை. ஆனால் அவர் காலத்திலேயே இந்த மண்ணுக்கும் கல்கத்தாவுக்கும் தொடர்பு இருந்தது. 1834-ஆம் ஆண்டு கேப்டன் ஜேம்ஸ் லோ என்பவர் இன்றைய செபராங் பிறைப் பகுதியில் ஒரு கற்பலகையைக் கண்டெடுத்தார். அதில் ஸ்தூபியின் படமும், பிராமியிலிருந்து கிளைத்த தென்னிந்திய வகை எழுத்தில் சில வரிகளும் இருந்தன. ‘ரக்தமிருத்திகா’, அதாவது செம்மண் நாடு என்ற ஊரைச் சேர்ந்த புத்தகுப்தன் என்ற மாலுமித் தலைவன் தன் பயணம் நலமாக அமைய வேண்டிக்கொண்டதை அது சொல்கிறது. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முந்தையது. அந்தக் கல் இன்று கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஜேம்ஸ் லோ 1845-இல் கண்டுபிடித்த செரோக் தோக்குன் கல்வெட்டு மட்டும் நம் நாட்டிலேயே இருக்கிறது. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலய வளாகத்தில்தான் அந்தப் பாறை உள்ளது. ஆண்டுதோறும் ஜூலைத் திருவிழாவுக்குக் கிள்ளானிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பேருந்து பிடித்துப் போகும் நம்மவர் பலர் அதன் அருகிலேயே நடந்து போயிருப்பார்கள்.

இன்னும் கொஞ்சம் வடக்கே, தென் தாய்லாந்தின் குவான் லுக் பாட் என்ற ஊரில் ஒரு சிறிய உரைகல் கிடைத்தது. பொற்கொல்லர் தங்கத்தை மாற்றுப் பார்க்கும் கல். அதில் தமிழ் பிராமியில் பெரும்பத்தன் என்பவருடைய கல் என்று எழுதியிருக்கிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து பிழைக்க வந்த ஒரு தொழிலாளி தன் கருவியில் தன் பெயரைப் பொறித்துக்கொண்டார். பிரின்செப் செய்த தொழிலும் அதே மாற்றுப் பார்க்கும் தொழில்தான் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

தமிழ்நாட்டுக் குகைகளில் உள்ள பிராமி வரிகளைப் படிப்பதில் வேறொரு சிக்கல் இருந்தது. அசோகர் கல்வெட்டில் இல்லாத எழுத்துகள் சில அங்கே இருந்தன. அவை ழ, ள, ற, ன ஆகிய தமிழுக்கே உரிய ஒலிகள் என்பதையும், அந்தக் கல்வெட்டுகளின் மொழி தமிழ் என்பதையும் கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் எடுத்துக்காட்டினார். பிறகு ஐராவதம் மகாதேவன் அந்தப் பணியை வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டு, 1965-இல் புகளூர்க் கல்வெட்டில் சங்க காலச் சேர மன்னர்களின் பெயர்களை அடையாளம் கண்டார். அந்தக் குகை வரிகளிலும் பெரும்பாலானவை கொடை பற்றியவையே. துறவிக்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்தவர் யார் என்பதுதான் செய்தி.

இதே மகாதேவன் சிந்துவெளி எழுத்துகளைக் கணினியில் ஏற்றி எண்ணி, 1977-இல் அட்டவணையாக வெளியிட்டார். எந்தக் குறி எத்தனை முறை, எந்த இடத்தில் வருகிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனாலும் சிந்துவெளி எழுத்து இன்னும் எல்லாரும் ஏற்கும்படி படிக்கப்படவில்லை. வரிகள் மிகச் சிறியவை, மொழி எது என்பதே உறுதியில்லை, இருமொழிக் கல்வெட்டும் இல்லை. எண்ணிக்கை கையில் இருக்கிறது, ‘தானம்’ என்பதைப் போன்ற ஒரு சொல் இன்னும் அகப்படவில்லை.

நாற்பது வயதில்

பிரின்செப் பகலில் நாணயச்சாலை வேலை பார்த்தார். மீதி நேரத்தில் சங்கத்தின் மாத இதழைத் தொகுத்தார், கடிதங்களுக்குப் பதில் எழுதினார், கல்வெட்டுகளைப் படித்தார், அச்சுத் தகடுகளுக்கான எழுத்துகளைத் தாமே வரைந்தார். 1835-இல் ஹாரியட் ஓபர்ட் என்பவரை மணந்தார். 1837-இல், பிராமி திறந்த அதே ஆண்டில், மகள் பிறந்தாள்.

1838-ஆம் ஆண்டு நடுவில் தலைவலி தொடங்கியது. முதலில் ஏதோ பித்தம் என்று நினைத்தார்கள். வலி குறையவில்லை. அந்த ஆண்டின் பிற்பகுதியில் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்தபோது மூளை தளர்ந்து, மனமே நிலையிழந்திருந்தது. 1840-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் தேதி அவர் காலமானார். வயது 40. ஒரு நாட்டின் மறந்துபோன எழுத்தைப் படித்துக் கொடுத்தவருக்குக் கடைசி மாதங்களில் தன் நினைவே கைவிட்டுப் போயிருந்தது.

கல்கத்தா மக்கள் ஹூக்ளி ஆற்றங்கரையில் அவர் நினைவாக 1843-இல் ஒரு படித்துறை மண்டபம் கட்டினார்கள். பிரின்செப் காட் என்ற அந்த மண்டபம் இன்றும் இருக்கிறது. நம் பக்கத்து ஊரான சிங்கப்பூரிலும் பிரின்செப் தெரு என்று ஒன்று உண்டு. ஆனால் அது இவர் பெயரில் அமைந்ததன்று. அங்கே ஜாதிக்காய்த் தோட்டம் வைத்திருந்த இவருடைய அண்ணன் சார்ல்ஸ் ராபர்ட் பிரின்செப்பின் பெயர் அது. ஒரே வீட்டில் ஒருவர் தோட்டத்து முதலாளி, இன்னொருவர் எழுத்தைத் தேடி அலைந்தவர்.

பெயர்களைப் படம் எடுத்து வையுங்கள்

ஒரு கம்பெனி அதிகாரியின் கதையை நாம் ஏன் நினைவில் கொள்ள வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அவர் வேலை பார்த்த அதே ஆட்சிதான் நம் முன்னோரைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தது. அதை மறக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் திறந்த எழுத்தில் இருந்தவர்கள் நம்மைப் போன்றவர்களே. தூணுக்குக் கல் கொடுத்தவர்கள், குகையில் படுக்கை வெட்டியவர்கள், உரைகல்லில் பெயர் எழுதிய பொற்கொல்லர்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டத்துக் கோயில்கள் இடம் மாறுகின்றன. பால் வெட்டிச் சேர்த்த பணத்தில் பாட்டன் வாங்கிக் கொடுத்த மணியும் விளக்கும் புதுக் கோயில் எழும்பும்போது சில நேரங்களில் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகின்றன. அதில் பொறித்திருந்த பெயரும் ஊரும் ஆண்டும் அதோடு போகின்றன. அந்தத் தோட்டத்தில் அப்படி ஒருவர் வாழ்ந்தார் என்பதற்கு வேறு எழுத்து எங்கும் இல்லாமலும் இருக்கலாம்.

அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது அந்தப் பழைய மணியின் பக்கத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். கைப்பேசியை எடுத்து அந்தப் பெயரைத் தெளிவாகப் படம் பிடியுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் உபயம் என்று எழுதிக் கோயில் நிர்வாகத்திடம் ஒரு படியும் வீட்டில் ஒரு படியும் வையுங்கள். பிள்ளைகளுக்கு நிரல் எழுதத் தெரிந்தால் அந்தப் பெயர்களைப் பட்டியலாக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கும் இரண்டு மூன்று வரி போதும்.